நாறும் மிஷினும் ராத்திரி வெளுத்தவர்களும்

வாஷிங் மிஷின் வாங்கி ஒரு வருஷம் ஆன வீட்டில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஈரச்சாக்கும் புளித்த கஞ்சியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை முகத்தில் அடிக்கும். ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிற சாமான் தானே அழுக்காகிக் கிடக்கிறது. கம்பெனிக்காரன் தந்த கையேட்டை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏழெட்டு வரி இருக்கும். மாதம் ஒருதரம் துணி போடாமல் வெறும் தொட்டியைச் சுடுதண்ணீரில் ஓட விடு. பில்டரைக் கழுவு. பவுடரைக் குறை. துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து போட்டுக் காயவிடு.

சூடு, காரம், காற்று, காய்தல். இந்த நாலு சங்கதியையும் கையாளத் தெரிந்த ஒரு சனம் தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. இருக்கிறது. அவர்களைப் பகலில் பார்த்தாலே தீட்டு என்று ஒரு மாவட்டமே சட்டம் வைத்திருந்தது. அந்த மாவட்டம் நம்முடைய திருநெல்வேலிதான்.

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே போனால் சீவலப்பேரி. மேற்கேயிருந்து வரும் சிற்றாறும் கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் சிறு ஆறும் தாமிரபரணியோடு சேருகிற இடம். முக்கூடல் என்று பழைய பேர். சினிமா பார்த்தவர்களுக்கு இந்த ஊர் என்றால் 1994இல் வந்த 'சீவலப்பேரி பாண்டி' நினைவுக்கு வரும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு 'முக்கூடற்பள்ளு' நினைவுக்கு வரும். பள்ளனும் அவன் இரண்டு பெண்டாட்டிகளும், பண்ணைக்காரனும், அழகர் கோயிலும் வருகிற அந்த நூலில் நெல்லின் பேர், மாட்டின் பேர், மீனின் பேர் எல்லாம் வரிசை வரிசையாக வரும். வகுப்பில் அதை நயம் பாராட்டச் சொல்வார்கள். பாராட்டினோம். ஆனால் அதே ஆற்றில் ராத்திரி இறங்கித் துணி வெளுத்தவர்களின் கல்லுக்கும் சாலுக்கும் மண்ணுக்கும் அப்படி ஒரு பேர்வரிசையைப் பாடத்திட்டத்தில் நான் படித்ததில்லை. உழுதவனையாவது புலவன் பார்த்தான், எகத்தாளமாகவேனும் பாடினான். வெளுத்தவனைப் பார்ப்பதே தீட்டு என்றால் எந்தப் புலவன் பாடுவான்?

புதிரை வண்ணார் பற்றித்தான் சொல்கிறேன். பொதரை, புரதை என்று ஊருக்கு ஊர் பேர் மாறும். வெள்ளைக்காரன் ஏட்டில் அவன் காதில் விழுந்தபடி புடர, புரட என்று வெவ்வேறு விதமாக எழுதி வைத்திருக்கிறான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், வண்ணார் என்பது ஒரே சாதி இல்லை, யாருக்கு வெளுக்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பேர் சொல்கிறார்கள் என்று வருகிறது. சாதி இந்துக்களுக்கு வெளுப்பவர் வேறு. பள்ளர் பறையருக்கு வெளுப்பவர் வேறு. அழுக்கு ஒரே அழுக்குதான். அது யார் உடம்பில் ஒட்டியது என்பதை வைத்து, அதைக் கழுவுகிற கைக்கும் மட்டம் வைத்தது சாதி.

1932 செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 24ஆம் தேதி 'தி இந்து' பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் காணக்கூடாதவர்கள் என்று ஒரு வகுப்பார் இருக்கிறார்கள், அவர்களைப் பார்ப்பதே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர அனுமதியில்லை, நடு ராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் தீண்டப்படாத சாதிகளின் துணிகளை வெளுக்கிறார்கள், விசாரிக்கப் போனவர்கள் கூப்பிட்டும் வீட்டைவிட்டு வெளியே வர வைப்பது பெரும்பாடாக இருந்தது என்பது செய்தியின் சாரம். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பின்னால் தன் சாதி பற்றிய புத்தகத்தில் இதை எடுத்துப் போட்டார். அதிலிருந்து உலகத்துச் சமூகவியல் வகுப்பெல்லாம் இந்தச் செய்தி சுற்றி வந்தது. தீண்டாமைக்கும் மேலே காணாமை என்று ஒன்று உண்டு என்பதற்கு உலகத்துக்குக் காட்டப்பட்ட உதாரணம் நம் ஆற்றங்கரை.

அந்தச் செய்தியை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. மேல்சாதிக்காரன் கொடுமை என்று படித்து மேடையில் பேசுவது சுலபம். பேசியும் இருக்கிறோம். ஆனால் அந்த ராத்திரியில் ஆற்றில் அலசப்பட்ட துணி யாருடையது? பிரசவத் துணி, தூரத்துத் துணி, எழவு வீட்டுத் துணி, எல்லாம் நம் தெருத் துணி. பிள்ளை பிறந்தால், பிள்ளை சமைந்தால், கிழவன் செத்தால் மாத்து கொண்டுவரவும் பந்தம் பிடிக்கவும் அந்த வீட்டுக்குத்தான் ஆள் விட்டோம். கூலி என்று கையில் காசு கொடுத்தது குறைவு. பொழுது சாய்ந்தபின் ஏனத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து நின்றால் ராச்சோறு. அறுப்புக் காலத்தில் களத்தில் மிஞ்சின பொலியில் கொஞ்சம். நம் தெருவில் மூக்கு ஒழுகுகிற பொடிசுகூட அறுபது வயசு மனுஷியை 'ஏ வண்ணாத்தி, வா இங்க' என்று கூப்பிடும், அவர் 'என்ன சாமி' என்று கேட்பார். பண்ணையார் நம் தாத்தாவை வாடா போடா என்றதற்குக் கணக்குக் கேட்கிறோமே, இந்தக் கணக்கை யார் கேட்பது?

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே கதை. அங்கே துரும்பர் என்று பேர். நளவருக்கும் பள்ளருக்கும் பறையருக்கும் வெளுத்தவர்கள். ராத்திரியில்தான் நடமாடலாம், நடக்கும்போது பனையோலையைத் தரையில் இழுத்துக்கொண்டு சத்தம் எழுப்பிப் போக வேண்டும் என்ற கட்டு இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. ஓலைச் சத்தம் கேட்டால் எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான். தாமிரபரணிக்கு இருட்டு, அங்கே இருட்டோடு ஓலையும்.

சரி, அந்த இருட்டில் அவர்கள் செய்த வேலை என்ன? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒப்பாரி வைத்துக் கடந்துபோவதால் தொழிலின் அறிவு கண்ணில் படாமலே போய்விடுகிறது. இதுவும் ஒரு காணாமைதான்.

முதலில் மண். கோடையில் தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி அள்ளிக்கொண்டு வருவார்கள். எந்தத் தரிசில் பூக்கும், எந்த மாசத்தில் அள்ளினால் காரம் தூக்கலாக இருக்கும் என்பதெல்லாம் காலுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியும். அந்த மண்ணைக் கரைத்துத் தெளிய விட்டு, அந்தத் தண்ணியில் துணியை முக்கிப் பிழிந்து வைப்பார்கள். அப்புறம் வெள்ளாவி. அடுப்பில் பானை, பானையில் தண்ணி, அதன் மேல் உவர்த்தண்ணி ஊறின துணிகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிச் சுற்றி மூடிக் கட்டிவிடுவார்கள். கீழே தீ எரிய எரிய ஆவி ஒவ்வொரு மடிப்பிலும் புகுந்து ஏறும். அழுக்குக் கூடின துணி கீழே, மெல்லிசுத் துணி மேலே. மணிக்கணக்கில் வேகும். அப்புறம் ஆற்றுக்குப் பொதி போகும். கல்லில் அடித்து, ஓடுகிற தண்ணியில் அலசி, மணலில் விரித்துக் காயப்போடுவது. வெள்ளைத் துணிக்கு நீலம், விறைப்புக்குக் கஞ்சி. எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய சேங்கொட்டைப் பாலால் மூலையில் குறி. அந்தக் குறி எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அழியாது. எழுதப் படிக்க விடாத சனம் ஊர்த் துணி முழுக்க எழுதி வைத்திருந்த எழுத்து அது.

உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. எண்ணெய்ப் பிசுக்கையும் வியர்வைக் கொழுப்பையும் கரைப்பது அதன் காரம். ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் வெள்ளைத் துணி வேண்டுமென்றால் சாம்பல் காரத்தில் ஊறவைத்து, மாசக்கணக்காகப் புல்வெளியில் விரித்து வெயிலில் போட்டு வைத்திருந்தார்கள். சோடாவைச் செயற்கையாகத் தயாரிக்க வழி கண்டுபிடித்த லெப்லாங்குக்கு 1791இல் பிரான்சில் காப்புரிமை. பிளீச்சிங் பவுடருக்கு 1799இல் கிளாஸ்கோ சார்லஸ் டென்னன்டுக்குக் காப்புரிமை. நம் ஊரில் அதே சோடாவைத் தரையிலிருந்து அள்ளி அதே வேலையைச் செய்தவனுக்குக் காப்புரிமை இல்லை, களத்து மேட்டில் பொலி நெல். சென்னையில் கம்பெனிக்காரன் கப்பலேற்றின துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருநெல்வேலியிலும் ஆற்றையொட்டி ஒரு வண்ணார்பேட்டை உண்டு. இன்றைக்கு அங்கே பெரிய பெரிய கடைகள். போய் விலை கேட்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பேரை ஒருதரம் நின்று யோசித்திருப்பார்கள்?

பவுடர் காலம் வந்தது. 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா. மலிவுப் பவுடர்களில் பாதிக்கு மேல் சோடாதான். உவர்மண் அட்டைப்பெட்டிக்குள் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் கடைசியில் வாஷிங் மிஷின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. அரசு உத்தியோகம் பார்க்கிற நம் வீடுகளுக்கும் மெதுவாக வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் ரேஷன் கார்டுக்கு ஒரு வாஷிங் மிஷின் இலவசம் என்று அ.தி.மு.க. தேர்தல் அறிக்கையிலேயே எழுதினார்கள். அவர்கள் தோற்றதால் மிஷின் வரவில்லை. வந்திருந்தால் சீவலப்பேரித் தெருக்களிலும் இந்நேரம் வீட்டுக்கு ஒன்று நாறிக்கொண்டிருக்கும்.

ஏன் நாறுகிறது? மிஷின் எடுத்துக்கொண்டது கையின் வேலையை. முக்குவது, கசக்குவது, பிழிவது. வெள்ளாவியை அது எடுத்துக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் ஓடுகிற மிஷினில் பெரும்பாலும் பச்சைத்தண்ணிதான் ஓடுகிறது. உள்ளே சுற்றுகிற தொட்டிக்கு வெளியே இன்னொரு தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்தை நாம் பார்க்கவே முடியாது. கரையாத பவுடர், துணிப்பஞ்சு, தோலெண்ணெய், போர்த்தண்ணியின் உப்பு எல்லாம் அந்தச் சந்தில் படிந்து வழவழப்பாக ஒரு படலம் கட்டும். அதில் கிருமிகள் குடியேறும். நல்லா வெளுக்கட்டும் என்று பவுடரை அள்ளிக் கொட்டுகிறோம். அந்தக் கூடுதல் பவுடர்தான் படலத்துக்குத் தீனி. ஜப்பான்காரர்கள் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். துவைத்துக் காயப்போட்ட துணியிலும் மறுபடி வீசுகிற அந்த ஈரவாடைக்கு மொராக்செல்லா என்கிற கிருமி காரணம் என்று கண்டார்கள். அது காய்ந்தாலும் தாங்கும், ஓரளவு வெயிலையும் தாங்கும். சூட்டுக்குத்தான் அடங்கும். வெயிலில் போட்டால் போதும் என்று விடாமல் துணியைப் பானை மேல் ஏற்றி ஆவியில் வேகவைத்தார்களே, அந்த ராத்திரி வேலையின் அர்த்தம் இதுதான்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அந்தத் தொழில் பார்த்த ஆச்சி ஒருத்தரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நான் ஆச்சி என்று கூப்பிட்டதற்கே முதலில் நெளிந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. மகன் வீட்டில் மிஷின் இருக்கிறது. மருமகள் துவைத்த துணியை மோந்து பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்.

"துணி வேகல தாயி. வேகாத துணியில வாடை நிக்கும். நாங்க சாலக் கழுவிக் கமுத்தி வெயில்ல காய வச்சுட்டுத்தான் மறு வெள்ளாவி வைப்போம். ஈரச்சால்ல துணி அடுக்குனா முதத் துணியிலயே நாத்தம் ஏறிரும். இவுக என்னடான்னா தொவச்சு முடிச்ச ஒடனே மூடியப் படக்குன்னு மூடிருதாக. புழுங்காம என்ன செய்யும்?"

கம்பெனிக் கையேட்டின் கடைசிப் பக்கம் முழுக்க இந்த நாலு வரியில் இருக்கிறது. இனிச் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அழுக்கைப் பற்றி எழுதுகிறவர் அழுக்கில் கை வைக்காமல் எழுதக்கூடாது.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மிஷினில் துவைக்கிற தொட்டியின் அடியில் சுழலுகிற தட்டு இருக்கும். நடுவில் உள்ள திருகாணியைக் கழற்றித் தட்டைத் தூக்கினால் கீழே இருப்பதைப் பார்த்து நமக்கே குமட்டும். சேறு, பஞ்சு, முடி, பாசிமணி, பத்து பைசாக் காலத்துக் காசு. அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பஞ்சு பிடிக்கிற வலைப்பையை ஒவ்வொரு துவையலுக்குப் பிறகும் உதறிக் கழுவிக் காயவிட வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள மிஷினில் கீழ்மூலையில் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதற்குள்தான் தண்ணி வெளியேற்றும் பில்டர். அடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினால் தேங்கின தண்ணி வரும். அந்தத் தண்ணியை மோந்து பார்த்தால் நாற்றம் எங்கேயிருந்து வருகிறது என்று வேறு யாரும் சொல்லித் தரவேண்டாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துத் துடைக்க வேண்டும், கருப்புப் பூசணம் அதில்தான் பிடிக்கும். பவுடர் போடுகிற பெட்டியை முழுசாக வெளியே இழுத்துக் கழுவலாம். அது கழன்று வரும் என்பதே பல வீடுகளில் தெரியாது.

மாதம் ஒருதரம் வெள்ளாவி. தண்ணியைத் தானே சுடவைக்கிற மிஷினாக இருந்தால் 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, இரண்டு கை சலவை சோடா போட்டு, துணியில்லாமல் முழுச் சுற்றும் ஓட விட வேண்டும். 'டப் கிளீன்' என்று பொத்தான் இருந்தால் அதையே அழுத்தலாம். சுடவைக்காத மிஷினில் அடுப்பில் சுடவைத்த தண்ணியை ஊற்றலாம். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் தொட்டி நெளிந்துவிடும், கையேட்டில் எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளவும். ஊற்றிக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி சுற்றித் திறந்துவிட வேண்டும். போர்த்தண்ணி உபயோகிக்கிற வீட்டில் உப்புப் படியும். அதற்குச் சோடா போதாது, புளிப்பு வேண்டும். கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். அதில் நூறு கிராம் போட்டு இன்னொரு நாள் ஓட விடலாம். இன்னொரு நாள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிளீச்சிங் பவுடரையும் புளிப்பையும் ஒரு காலத்திலும் ஒன்றாகப் போடக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். 1915இல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் சிப்பாய்களைக் கொன்றது இதே வாயுதான். கதவடைத்த குளியலறையில் கழுவுகிற பெண்ணுக்கு அதில் கொஞ்சம் போதும்.

மற்றபடி, தண்ணி வெளியேறும் குழாயின் நுனியைச் சாக்கடைக்குள் முக்கி வைக்காதீர்கள், சாக்கடை வாடை குழாய் வழியே மேலேறும். துவைத்த துணியைத் தொட்டிக்குள்ளேயே ராத்திரி முழுக்க விடாதீர்கள். மூடியைத் திறந்தே போடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் மட்டும் காய்ந்தபின் மூடிவிடுங்கள்.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்து வீடுகளில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள். கையுறை கிடையாது, பிளக்கைப் பிடுங்கு என்று சொல்லித் தரவும் ஆள் கிடையாது. மிஷினுக்குள் துணி போட்டு எடுக்கிற அந்தப் பெண்ணின் சேலையை ஒருநாளும் அந்த மிஷினில் போட விடாத வீடுகள் உண்டு. இன்னும் ஒன்று. மிஷின் வந்தபிறகும் 'அந்த மூணு நாள் துணிய மிஷின்ல போடாத' என்று சொல்லித் தனியாகக் கையால் கசக்க வைக்கிற வீடுகள் உண்டு. நம் வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தீட்டு மிஷினைக் கண்டு ஓடிவிடவில்லை, எந்தத் துணி எந்தத் தொட்டியில் என்று அதற்குள்ளேயே ஒரு சேரி ஊர் பிரித்து வைத்துக்கொண்டது. முன்பு அந்தத் துணியை ராத்திரியில் வெளுக்க ஒரு சாதி இருந்தது. இப்போது அதே துணியை யாரும் பார்க்காத நேரத்தில் கசக்குவது வீட்டுப் பெண். காலையில் கொடியில் மற்ற துணிக்கு அடியில் அதை ஒளித்துக் காயப்போடுவதும் அவள்தான். வெயில் படாமல், காற்றுப் படாமல் காய்ந்த துணி நாறத்தானே செய்யும்.

புதிரை வண்ணாரைத் தமிழ் இலக்கியம் கவனிக்க 1994 ஆனது. அந்த வருஷம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தென்னார்க்காட்டுச் சேரியில் வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. தலித்துகளுக்குள் இருக்கிற மேல்கீழைப் பேசலாமா, பேசினால் எதிரிக்கு வசதியாகாதா என்று நம்மில் பலர் அன்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் மரியாதை இல்லை. நம் துணியை வெளுத்தவர் தன் கதை வெளியே வந்ததற்காக நம் ஒற்றுமைக்குக் காவல் நிற்க வேண்டுமா? 2019இல் லீனா மணிமேகலையின் 'மாடத்தி' படம் வந்தது. காணக்கூடாதவர்கள் என்ற அந்தப் பழைய சொல்லை அது திரையில் கொண்டுவந்து நிறுத்தியது.

தொழில் போய்க்கொண்டிருக்கிறது. மிஷின் வந்ததில் ஒரு நல்லது என்றால் இதைத்தான் சொல்வேன். ராச்சோற்றுக்கு ஏனம் தூக்க வேண்டிய கட்டாயம் பல ஊர்களில் விட்டுப்போனது. கழுதை போய் இஸ்திரி வண்டி வந்தது, பிள்ளைகள் கட்டட வேலைக்கும் திருப்பூர்க் கம்பெனிகளுக்கும் போனார்கள். ஆனால் எழவுக்கும் சடங்குக்கும் ஆள் விடுவது நிற்கவில்லை. துணியை மிஷினில் போட்டுவிட்டு மாத்துக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுகிறோம். அதாவது அவர்களுடைய கூலி வேலை போய்விட்டது, இழிவு வேலை மிச்சமிருக்கிறது.

அரசாங்கத்தின் பட்டியலில் இந்தச் சனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதிரை வண்ணான் தமிழ்நாடு முழுக்கப் பட்டியல் சாதி. வண்ணான் என்று மட்டும் எழுதினால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும்தான் பட்டியல் சாதி, மற்ற இடத்திலெல்லாம் மிகவும் பிற்படுத்தப்பட்டவர். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை அந்த இரண்டு பகுதியும் திருவிதாங்கூர்க் கணக்கில் இருந்ததன் மிச்சம் அது. செங்கோட்டை இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆக நம் வட்டாரத்தில் ஒரே வெளுப்புத் தொழிலுக்கு மூன்று வரி. இதில் 'புதிரை' என்ற அந்த ஒரு சொல் சான்றிதழில் விழுகிறதா இல்லையா என்பதில் ஒரு பிள்ளையின் படிப்பும் வேலையும் தொங்குகிறது. வெறும் வண்ணான் என்று எழுதித் தள்ளிவிடுகிறார்கள் என்பது பல வருஷப் புகார். 2009இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைக்கப்பட்ட பிறகும் சான்றிதழுக்காக அலைவது ஓயவில்லை. உங்கள் சாதி இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் என்ன காட்டுவது? நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். பகலில் நடமாடியிருந்தால் பார்த்தவன் சாட்சி சொல்வான். 1932 செய்தித்தாளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போக முடியுமா? அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருகிற கிராம நிர்வாக அலுவலர் கேட்பது நம் தெருவில்தான். 'ஆமா, எங்களுக்குத்தான் வெளுத்தாக, எங்க துணியத்தான் வெளுத்தாக' என்று ஒரு கையெழுத்துப் போட நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம் என்பதை ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் அந்த வேலையைத் தொடங்க நினைக்கிற மாணவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போவோம்.